ஆறு மாசமா, அஞ்சு வருஷமா?

எபிசோடைக் கேட்டுட்டு இங்க வந்தவங்களுக்கும், கேட்க நேரமில்லாம நேரா படிக்க வந்தவங்களுக்கும் வரவேற்பு. பேசும்போது வந்த இழுவைகளையும் இருமலையும் வெட்டி, கொஞ்சம் ஒழுங்குபடுத்திய வடிவம் இது. இருமல்னு சொன்னதும் ஞாபகம் வருது, இன்னைக்குக் கதையே இருமலைப் பத்தினதுதான்.

சென்னை பீச்சிலிருந்து செங்கல்பட்டு ரயிலில் போயிருக்கீங்கன்னா, குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல ஒரு ஸ்டேஷன் வரும்: தாம்பரம் சானடோரியம். மெப்ஸ்ல வேலை பார்க்கிறவங்க தினமும் இறங்குற இடம். அந்தப் பேரை ஆயிரக்கணக்கானவங்க தினமும் சொல்றாங்க. ஆனா சானடோரியம்னா என்ன, அது ஏன் ஊருக்கு வெளியே இருந்தது, இப்ப ஏன் யாரும் புதுசா சானடோரியம் கட்டுறதில்லை? இந்த மூணு கேள்விக்கும் பதில் தெரிஞ்சா, ஒரு மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு மனுஷங்க எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கங்கிறதும் தெரிஞ்சிடும்.

சானடோரியம் என்பது டிபி நோயாளிகளுக்கான இல்லம். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. மருந்து இல்லாத காலத்துல இதுதான் வைத்தியம். தாம்பரத்தில் அதை 1928-ல் தொடங்கினவர் டாக்டர் சவுரி முத்து. அதுக்கு முன்னாடி அவர் இங்கிலாந்தில் மென்டிப் மலைப் பக்கம் ஒரு சானடோரியம் நடத்திட்டிருந்தார். கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்தில் உடம்பு சரியில்லாம போனப்போ கொஞ்ச நாள் தங்கியிருந்த இடங்களில் அதுவும் ஒண்ணு. தாம்பரம் சானடோரியத்தை 1937-ல் மதராஸ் அரசு எடுத்துக்கிட்டது.

நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிச்சு, மாசக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் அங்கே வைப்பாங்க. அது கொடுமைன்னு யாரும் நினைக்கலை. நோயாளிக்கும் நல்லது, வீட்டில் இருக்கிற குழந்தைகளுக்கும் நல்லதுன்னு உலகத்தில் இருந்த பெரும்பாலான டாக்டர்கள் நம்பினாங்க. அந்த நம்பிக்கையை உடைச்ச சோதனை நடந்தது நம்ம சேத்துப்பட்டுல. ஆனா அங்க போறதுக்கு முன்னாடி, லண்டன் வழியா ஒரு சுத்து சுத்திட்டு வரணும்.

ஏமாத்துற நோய்

டிபி மாதிரி நாள்பட்ட நோய்களில் ஒரு பெரிய சிக்கல் இருக்கு. அது நேர்கோட்டில் போகாது. இந்த மாசம் காய்ச்சல், அடுத்த மாசம் தேவலை, அதுக்கடுத்த மாசம் ரத்த வாந்தி. எந்த வைத்தியமும் செய்யாமலே ஒரு பகுதிப் பேருக்குச் சரியாகவும் செய்யும். 1960-களில் பெங்களூருவைச் சுத்தியுள்ள கிராமங்களில், அந்தப் பகுதிக்கு நல்ல சிகிச்சை வசதி வந்து சேராத காலத்தில், டிபி நோயாளிகளை 5 வருஷம் கவனிச்சாங்க. அந்த 5 வருஷத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்துட்டாங்க. மூணில் ஒரு பங்குப் பேருக்குத் தானாகவே சரியாயிடுச்சு. மிச்சம் பேர் கிருமியோடவே வாழ்ந்துட்டிருந்தாங்க.

இதை யோசிச்சுப் பாருங்க. நான் நாளைக்கு ஏதோ ஒரு லேகியத்தை டிபி மருந்துன்னு வித்தா, சாப்பிட்டவங்கள்ல மூணில் ஒருத்தர் வந்து "உங்க மருந்துல குணமாயிட்டேன்"னு சொல்வார். அவர் பொய் சொல்லலை. நானும் பொய் சொல்லலை. ஆனா ரெண்டு பேருமே ஏமாந்திருக்கோம். செத்துப்போனவங்க திரும்பி வந்து ரிவ்யூ எழுத மாட்டாங்க.

இப்படித்தான் 1920-களில் தங்க உப்பை வெச்சுத் தயாரிச்ச சானோகிரைசின்னு ஒரு ஊசி டென்மார்க்கிலிருந்து கிளம்பி ரொம்பப் பிரபலமாச்சு. 1931-ல் அமெரிக்காவில் ஜே. பர்ன்ஸ் ஆம்பர்சன் குழு ஒரு எளிமையான வேலை செஞ்சது. 24 நோயாளிகளை முடிஞ்சவரை ஒரே மாதிரியான ரெண்டு குழுவாப் பிரிச்சு, எந்தக் குழுவுக்குத் தங்கம்னு காசைச் சுண்டி முடிவு பண்ணாங்க. தங்கத்தால் நன்மை எதுவும் தெரியலை, பக்கவிளைவுதான் அதிகம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத வரைக்கும் அது யாருக்கும் தெரியலை.

107 பேர், ஒரு கவர்

1943-ல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் இருக்கிற ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரிச்செடுத்தார். டிபி கிருமியை நிஜமாவே தாக்குற முதல் ஆன்டிபயாடிக் அது. போர் முடிஞ்ச பிரிட்டனிடம் டாலர் இல்லை. கொஞ்சம் மருந்துதான் வாங்க முடிஞ்சது. எல்லாருக்கும் கொடுக்கப் பத்தாது.

அங்கதான் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வர்றார். புள்ளியியல் நிபுணர். டாக்டராகணும்னு ஆசைப்பட்டவர், ஆனா முதல் உலகப் போரில் பைலட்டா இருந்தப்போ அவருக்கே டிபி வந்துடுச்சு. வருஷக்கணக்கில் படுத்த படுக்கை. மருத்துவம் படிக்க முடியாம, தபால் வழியா பொருளாதாரம் படிச்சார். டிபி அவரிடமிருந்து ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கிட்டு எண்களைக் கையில் கொடுத்ததுன்னு சொல்லலாம்.

மருந்து எல்லாருக்கும் பத்தாத நிலையில், சிலருக்குக் கொடுத்து மத்தவங்களோட ஒழுங்கா ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான் நியாயம் என்பது அவர் வாதம். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது எம்ஆர்சி, 107 நோயாளிகளைச் சேர்த்தது. 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யாருக்கு எதுங்கிறதை ரேண்டம் எண்கள் முடிவு செஞ்சது. அந்த முடிவு ஒட்டின கவருக்குள்ள இருக்கும். ஆளைச் சேர்த்த பிறகுதான் கவரைப் பிரிப்பாங்க. எக்ஸ்ரே படிக்கிறவங்களுக்கு அது யாருடைய படம், எந்தக் குழுன்னு தெரியாது. நம்ம ஆபீஸில் "ஏ/பி டெஸ்ட்"னு சொல்றோமே, அதோட தாத்தா இதுதான்.

இங்க ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஓய்வு மட்டும் கிடைச்ச அந்த 52 பேருக்கு, தாங்க ஒரு சோதனையில் இருக்கோம்னு சொல்லவே இல்லை. இன்னைக்கு அப்படிச் செஞ்சா எந்த நெறிமுறைக் குழுவும் விடாது.

6 மாசம் கழிச்சுக் கணக்குப் பார்த்தாங்க. ஓய்வு மட்டும் எடுத்தவங்களில் 14 பேர் இறந்திருந்தாங்க, அதாவது 27%. மருந்து எடுத்தவங்களில் 4 பேர், 7%. எக்ஸ்ரேவில் நல்ல முன்னேற்றம் மருந்துக் குழுவில் பாதிப் பேருக்கு, மத்தக் குழுவில் 8% பேருக்குத்தான். 1948-ல் ரிப்போர்ட் வெளியாச்சு. மருத்துவ வரலாற்றில் இன்னைக்கும் பாடமா நடத்துற ரிப்போர்ட் அது.

கதை இங்கயே முடிஞ்சிருந்தா ஒரு நல்ல சினிமா. ஆனா முடியலை.

அஞ்சு வருஷம் கழிச்சு

அந்த 107 பேரையும் விட்டுடாம தொடர்ந்து கவனிச்சாங்க. 5 வருஷம் கழிச்ச கணக்கு 1954-ல் வந்தது. ஓய்வுக் குழுவில் 52 பேரில் 35 பேர் இறந்திருந்தாங்க. மருந்துக் குழுவில் 55 பேரில் 32 பேர்.

மறுபடி சொல்றேன். 6 மாசத்தில் 27-க்கு 7. அஞ்சு வருஷத்தில் 67-க்கு 58. அந்தப் பெரிய இடைவெளி கிட்டத்தட்ட கரைஞ்சே போச்சு.

என்ன ஆச்சு? முதல் ரிப்போர்ட்டிலேயே அதுக்கான எச்சரிக்கை இருந்தது. மருந்து எடுத்தவங்கள்ல பலர் முதல் ரெண்டு மூணு மாசம் நல்லாத் தேறி, அப்புறம் சரிய ஆரம்பிச்சாங்க. அவங்க சளியில் இருந்த கிருமியைச் சோதிச்சா, சோதிச்ச 41 பேரில் 35 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினால் ஒண்ணும் செய்ய முடியாத கிருமி. ரெசிஸ்டன்ஸ்.

இதைப் புரிஞ்சுக்கறது சுலபம். நுரையீரல்ல கோடிக்கணக்கில் கிருமி இருக்கு. ஒரு பேச்சுக்கு, பத்து லட்சத்தில் ஒண்ணுக்குத் தற்செயலா அந்த மருந்தைத் தாங்குற சக்தி இருக்குன்னு வெச்சுக்குவோம். மருந்து மத்ததை எல்லாம் கொன்னுடும். ஆள் தெளிவாயிடுவார், காய்ச்சல் போயிடும், எடை ஏறும். ஆனா தப்பிச்ச அந்தக் கொஞ்சம் கிருமி காலி வீட்டில் சாவகாசமாப் பெருகும். ஆறு மாசத்தில் நீங்க பார்க்கிறது முதல் பாதி. ரெண்டாவது பாதிக்கு டிக்கெட் வாங்காமலே எழுந்து வந்துட்டீங்க.

தீர்வு கணக்கிலேயே இருந்தது. ரெண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தா, ரெண்டையும் ஒரே நேரத்தில் தாங்குற கிருமி இருக்கிற வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒண்ணு, அதைப் பத்து லட்சத்தால் இன்னொரு தடவை வகுக்கணும். ஏறக்குறைய பூஜ்ஜியம். ஸ்வீடனில் யோர்கன் லேமன் கொண்டுவந்த பாஸ் என்ற மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோட சேர்த்துக் கொடுத்தப்போ, ரெசிஸ்டன்ஸ் பெரிய அளவில் குறைஞ்சது. 1952-ல் ஐசோனயசிட் வந்தது. மலிவான, சக்திவாய்ந்த மாத்திரை. முதல் தடவையா, வாய் வழியா சாப்பிடுற ரெண்டு மருந்தை வெச்சு டிபியைக் குணப்படுத்தலாம் என்ற நிலை வந்தது.

அந்த 1954 அஞ்சு வருஷ ரிப்போர்ட்டை எழுதினவங்களில் ஒருத்தர் பேர் வாலஸ் ஃபாக்ஸ். ஆறு மாச வெற்றி அஞ்சு வருஷத்தில் எப்படி உருகும்னு கிட்ட இருந்து பார்த்தவர். ரெண்டு வருஷம் கழிச்சு அவர் மதராசுக்கு வந்து இறங்கினார்.

சேத்துப்பட்டு, 1956

அப்ப இந்தியாவோட நிலைமை எளிமையான ஒரு கணக்கு. டிபி நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியம் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். எத்தனை தாம்பரம் கட்டினாலும் தீராது. அதனால கேள்வி இதுதான்: மாத்திரை இருக்கும்போது, படுக்கை தேவையா? வீட்டிலேயே வெச்சு வைத்தியம் பார்த்தா என்ன?

கேட்கச் சுலபம். ஆனா இதில் பணயம் வெச்சது என்னன்னு பாருங்க. ஒரு சின்ன அறை வீடு. அம்மாவுக்குச் சளியில் கிருமி. அதே அறையில் நாலு குழந்தைகள். அம்மாவை வீட்டிலேயே வெச்சு, அது தப்பான முடிவா இருந்தா, அந்தத் தப்பு குழந்தைகளோட நுரையீரல்லதான் வந்து விடியும். அனுப்பிட்டா, ஒரு வருஷம் அந்த வீட்டில் சோறு பொங்க ஆள் இல்லை. அப்பாவுக்கு நோய்னா வருமானமே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் யாரோ விலை கொடுக்கணும்.

1956-ல் ஐசிஎம்ஆர், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் எம்ஆர்சி நாலும் சேர்ந்து சேத்துப்பட்டில் டிபி கீமோதெரபி சென்டரைத் தொடங்கினாங்க. முதல் இயக்குநர் ஃபாக்ஸ். கூட வேலை செஞ்சவங்க தேவதத்தா, வேலு, ராமகிருஷ்ணன் மாதிரி டாக்டர்கள், ராதாகிருஷ்ணா மாதிரி புள்ளியியலாளர்கள், அப்புறம் தெருத்தெருவா நடந்த நர்சுகளும் ஹெல்த் விசிட்டர்களும். அதே இடத்தில்தான் இன்னைக்கு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு.

நகரத்தோட நெரிசலான ஏழைப் பகுதிகளிலிருந்து 193 நோயாளிகளைச் சேர்த்தாங்க. பழையபடி ரேண்டம் எண். ஒரு பாதி சானடோரியத்துக்கு, ஒரு பாதி வீட்டுக்கு. ரெண்டு குழுவுக்கும் ஒரே மருந்து, ஐசோனயசிட்டும் பாஸும், ஒரு வருஷம்.

சானடோரியம் குழுவுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சு கையால மருந்து. வீட்டுக் குழுவுக்கு இருக்கிற சாப்பாடு, இருக்கிற வேலை, நெரிசல். வாரம் ஒரு தடவை சென்டருக்கு வந்து மருந்து வாங்கிட்டுப் போகணும். பாஸ் மருந்து லேசுப்பட்டதில்லை. தினமும் கிராம் கணக்கில் விழுங்கணும், குமட்டும், வயித்தைக் கலக்கும். அதனால நிஜமாச் சாப்பிடுறாங்களான்னு தெரிஞ்சுக்க, சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணுவாங்க, சிறுநீரைச் சோதிப்பாங்க. இன்னைக்கு ஒரு ஆப் நம்ம ஒவ்வொரு கிளிக்கையும் பதிவு பண்ணுதே, அந்த வேலையை அன்னைக்கு மனுஷங்க வெயில்ல நடந்து செஞ்சாங்க.

ஒரு வருஷம் முடிஞ்சது. கிருமி அடங்கினவங்க சானடோரியத்தில் 92%, வீட்டில் 86%.

சானடோரியம் போனவங்களுக்கு எடை கூடுதலா ஏறியிருந்தது. பார்க்கவும் தெம்பா இருந்தாங்க. ஆனா கிருமிக்கு அது பெரிய விஷயமா தெரியலை. வேலை முழுக்க மருந்தோடது. இன்னொரு பக்கம், குடும்பக் கவலை தாங்காம சானடோரியத்தை விட்டுப் பாதியிலேயே கிளம்பிப் போனவங்களும் இருந்தாங்க. 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்த முடிவு வெளியாச்சு.

92-க்கும் 86-க்கும் நடுவுல

இந்த இடத்தில் கொஞ்சம் நின்னு யோசிப்போம். நீங்க சானடோரியத்தை நம்புற ஒரு டாக்டர்னா என்ன சொல்லுவீங்க? "பாத்தீங்களா, 92 பெரிசு, 86 சிறிசு. அதோட இது ஒரு வருஷம்தான். வீட்டில் அரை வயித்தோட கஷ்டப்படுறவங்களுக்குத் திரும்ப வரும், பாருங்க. குழந்தைகளுக்கு ஒட்டினது தெரிய இன்னும் வருஷமாகும்."

நியாயமான கேள்விதான். சொல்லப்போனா லண்டன் அனுபவமே அதைத்தான் கத்துக்கொடுத்திருந்தது. குறுகிய கால எண்ணை நம்பாதே. இதுக்குப் பதில் வாதத்தில் இல்லை, காத்திருக்கிறதில்தான் இருக்கு.

அதனால காத்திருந்தாங்க. நோயாளிகளை மட்டுமில்லை, அவங்களோட ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தினரையும் சேர்த்து, 5 வருஷம். குறிப்பிட்ட இடைவெளியில் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை. யாருக்காவது நோய் வந்தா உடனே வைத்தியம். வீடு மாறினவங்களைத் தேடிப் போய்ப் பிடிச்சாங்க. மொபைல் நம்பர் இல்லாத, பாதி வீட்டுக்குக் கதவெண்ணே இல்லாத ஊர்ல இதைச் செஞ்சாங்கங்கிறதை மறந்துடாதீங்க.

நீண்ட கால ஆய்வு ஏன் கஷ்டம்னா, காணாமப் போறவங்க சும்மா போறதில்லை. ரொம்ப நல்லாயிட்டவங்க "இனிமே எதுக்கு"ன்னு வர மாட்டாங்க. ரொம்ப மோசமானவங்களால வர முடியாது. ரெண்டு பேரையும் விட்டுட்டா, கையில் மிஞ்சுறது பொய்க் கணக்கு. அதனால அந்த ஹெல்த் விசிட்டர்களோட நடைதான் இந்த ஆய்வோட முதுகெலும்புன்னு நான் நினைக்கிறேன்.

1966-ல் அஞ்சு வருஷக் கணக்கு வந்தது. வீட்டுக் குழுவும் சானடோரியம் குழுவும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்னாங்க. நோய் திரும்பினதும் வீட்டுக் குழுவில் அதிகமில்லை. அந்த 92–86 இடைவெளி காலத்தைத் தாங்கி நிக்கலை. எல்லாரும் பயந்துட்டிருந்த குழந்தைகள் விஷயம்? நோயாளியை வீட்டிலேயே வெச்சிருந்த குடும்பங்களில், ஒரு வருஷம் பிரிச்சு வெச்ச குடும்பங்களைவிட அதிகமா யாருக்கும் டிபி வரலை.

காரணம் யோசிச்சா புரியும். தொத்துறது பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சிருக்கும். மாசக்கணக்கா இருமிட்டிருந்த பிறகுதானே ஆஸ்பத்திரிக்கு வர்றாங்க. வைத்தியம் ஆரம்பிச்சதும் கிருமி வெளியே வர்றது வேகமாக் குறைஞ்சிடும். அதுக்கப்புறம் அம்மாவைப் பிரிச்சு அனுப்புறது, திருடன் ஓடினப்புறம் கதவைச் சாத்துற கதை.

லண்டன் கதையில் அஞ்சு வருஷம் ஒரு வெற்றியைக் கரைச்சது. மதராஸ் கதையில் அதே அஞ்சு வருஷம் ஒரு பயத்தைக் கரைச்சது. எந்தப் பக்கம் சாயும்னு முன்கூட்டியே சொல்ல முடியாதுங்கிறதாலதான் காத்திருக்க வேண்டியிருக்கு.

விளைவு சின்னதில்லை. 1962-ல் இந்தியா தொடங்கின தேசிய காசநோய்த் திட்டம், படுக்கையை நம்பாம, வீட்டிலிருந்தே வந்து மருந்து வாங்குற முறையில் அமைஞ்சது. பணக்கார நாடுகளிலும் சானடோரியங்கள் ஒவ்வொண்ணா மூடப்பட்டன, இல்லை வேற ஆஸ்பத்திரியா மாறின. ஏழை நகரத்தில் காசில்லாததால் எழுந்த கேள்விக்குக் கிடைச்ச பதில், காசிருந்தவங்களுக்கும் சரியான பதிலா இருந்தது. மருந்தை ஒழுங்காச் சாப்பிட வைக்கிறதுதான் மிச்சமிருக்கிற கஷ்டம்னு தெரிஞ்சதும், அதே சென்டர் வாரம் ரெண்டு முறை கண் முன்னாடி மருந்து கொடுக்கிற முறையைச் சோதிச்சது. பின்னாடி உலகம் முழுக்க டாட்ஸ்னு பேர் வாங்கினதோட வேர்களில் அது ஒண்ணு.

கேட்காத கேள்வி

ஒரு ஆபத்தையும் சொல்லிடறேன். "சாப்பாடு நல்லா இல்லாட்டியும் குணமாச்சு"ன்னு மதராஸ் சோதனை சொன்னதை, "டிபிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை"ன்னு படிச்சா அது தப்பு. அங்க கேட்ட கேள்வி, சரியான மருந்து எடுத்துக்கிற நோயாளிக்குக் கிருமி அடங்குதா என்பது. வீட்டில் இருக்கிற மத்தவங்களுக்கு நோய் வராம தடுக்கச் சாப்பாடு உதவுமா என்பது வேற கேள்வி.

அந்தக் கேள்வியை ரொம்ப நாள் கழிச்சு ஜார்க்கண்டில் கேட்டாங்க. 2019-ல் தொடங்கின ரேஷன்ஸ் என்ற ஆய்வு. 2,800 நோயாளிகளோட வீடுகள், 10,345 குடும்பத்தினர். ஒரு பாதிக் குடும்பங்களுக்கு மாசா மாசம் எல்லாருக்கும் உணவுப் பொருள், மத்தப் பாதியில் நோயாளிக்கு மட்டும். குடும்பம் முழுக்க உணவு கிடைச்ச வீடுகளில் புதுசா டிபி வந்தது 39% குறைவு. தொத்தக்கூடிய வகை டிபி 48% குறைவு. 2023-ல் முடிவு வெளியாச்சு. அரிசியும் பருப்பும் சேர்ந்து செஞ்ச வேலை அது. ஒரு சோதனையோட பதிலை, அது கேட்காத கேள்விக்கு ஒட்டவைக்கக் கூடாது.

நம்ம வீட்டு மாத்திரை டப்பா

டிபி பழைய கதைன்னு நினைக்கிறவங்களுக்கு, உங்க அப்பா அம்மா மாத்திரை டப்பாவில் இருக்கிற ஒரு உதாரணம். சர்க்கரை நோய். பிரிட்டனில் 1977-ல் ராபர்ட் டர்னர் தலைமையில் புதுசா சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட 5,102 பேரை வெச்சு ஒரு ஆய்வு தொடங்கினாங்க. ஒரு குழுவுக்குச் சர்க்கரையை இறுக்கிப் பிடிக்கணும், இன்னொரு குழுவுக்கு வழக்கமான உணவுக் கட்டுப்பாடு. முடிவு வந்தது 1998-ல். 20 வருஷத்துக்கு மேல! கண், சிறுநீரகம் மாதிரி இடங்களில் பாதிப்பு குறைஞ்சது நிச்சயமாத் தெரிஞ்சது. ஆனா மாரடைப்பு விஷயத்தில், இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா மாத்திரையோ எடுத்தவங்களுக்கு உறுதியா எதையும் சொல்ல முடியலை.

ஆய்வு முடிஞ்சது, எல்லாரும் அவங்கவங்க டாக்டர்கிட்ட போயிட்டாங்க. ஒரு வருஷத்துக்குள்ள ரெண்டு குழுவோட சர்க்கரை அளவும் ஒண்ணாயிடுச்சு. ஆனாலும் கவனிக்கிறதை நிறுத்தலை. இன்னும் 10 வருஷம். 2008-ல் பார்த்தா, ஆரம்பத்தில் இறுக்கிப் பிடிச்ச அந்தக் குழுவில் மாரடைப்பு 15% குறைவு, மரணம் 13% குறைவு. ஆரம்ப வருஷங்களில் போட்ட உழைப்புக்கு, அது மறந்தே போன பிறகு வட்டி வந்திருக்கு. 1998-லேயே கடையைச் சாத்தியிருந்தா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது.

நான் வேலை பார்க்கிற துறையில் ரெண்டு வாரம் ஒரு சோதனை ஓட்டி, கிராஃப் பச்சையா இருந்தா எல்லாருக்கும் திறந்து விட்டுடுவோம். பட்டன் நிறத்துக்கு அது போதும். ஆனா மனுஷ உடம்பு அப்படி இல்லை. ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்ட டிபி நோயாளிக்குக் காய்ச்சல் போயிருக்கும், பசி எடுக்கும், இருமல் நின்னிருக்கும். "சரியாயிடுச்சு"ன்னு அவர் மாத்திரையை நிறுத்தினா, அவரும் 1948-ன் அந்த முதல் ரிப்போர்ட்டைத்தான் படிக்கிறார். அடுத்த ரிப்போர்ட் இன்னும் வரலை. உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது அந்த இடத்தில் இருந்தா, டாக்டர் சொல்லாம நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்க. அரசு மையங்களில் டிபி மருந்து இலவசம்தான்.

அடுத்த தடவை "புது மருந்து அபார வெற்றி"ன்னு ஃபார்வர்ட் வந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க. யாரோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க? எத்தனை நாள் பார்த்தாங்க?

இந்தக் கதையில் ஹில், ஃபாக்ஸ், டர்னர் பேரெல்லாம் புத்தகத்தில் இருக்கும். 1950-களில் மதராசில் ஒரு சின்ன அறையில் குமட்டுற மருந்தை விழுங்கி, உடம்பு தேறின பிறகும் அஞ்சு வருஷம் கூப்பிட்டப்பல்லாம் குழந்தைகளைக் கூட்டிட்டு வந்து எக்ஸ்ரேவுக்கு நின்னவங்களோட பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவங்க திரும்பத் திரும்ப வந்ததாலதான், அவங்களுக்கு அப்புறம் வந்த லட்சக்கணக்கான நோயாளிகள் வீட்டிலேயே, குடும்பத்தோட இருந்து குணமாக முடிஞ்சது.

இந்த எபிசோட் இவ்வளவுதான். உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது சானடோரியத்தில் இருந்த கதை தெரிஞ்சா எழுதி அனுப்புங்க, படிக்க ஆசை. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.